யாருக்கு யார் கடன்பட்டவர்?

கலை வரலாற்று நூல்கள் சில கதைகளைச் சலிப்பின்றிச் சொல்லி வருகின்றன. அவற்றுள் ஒன்று இது: பழுப்பும் கருமையும் மட்டுமே அறிந்த ஹாலந்து நாட்டு ஓவியர் ஒருவர் 1886-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரை அடைந்தார். ஒளி என்றால் என்னவென்று அங்கே அவருக்குக் கற்றுத்தரப்பட்டது. கற்ற ஒளியோடு அவர் பிரான்சின் தென்திசைக்குப் போனார், சூரியகாந்திகளைத் தீட்டினார், தம் காதை அறுத்துக்கொண்டார், தனிமையில் மடிந்தார். வின்சென்ட் வான் கோக் என்ற பெயரைக் கேட்டவுடன், ஓவியம் பற்றி ஏதும் அறியாதவர் நெஞ்சிலும் இக்கதையே எழுகிறது.

இக்கதையில் இரண்டு கூற்றுகள் அடங்கியுள்ளன. பிரான்சு கொடுத்தது, ஹாலந்து பெற்றது என்பது ஒன்று. மேதை தனியே பிறந்து, தனியே எரிந்து, தனியே அணைகிறான் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். வெறும் தகவல் பிழையாயின் அதை அறிஞர்களிடம் விட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால், பிறரிடம் கற்பது தாழ்வு என்றும், கற்பிப்பவன் உயர்ந்தவன் என்றும், எவரிடமும் கற்காதவனே மேதை என்றும் நம்மை எண்ணப் பழக்குகிற கதை இது. அதனாலேயே இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

கொள்ளையில் தொடங்கிய உறவு

முதலில் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1795-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஹாலந்துக்குள் நுழைந்தன. நாட்டின் ஆட்சித் தலைவராயிருந்த ஐந்தாம் வில்லெமின் ஓவியத் தொகுப்பு ஹேக் நகரிலிருந்து பாரிசுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. பவுலுஸ் பொட்டர் 1647-இல் தீட்டிய புகழ்பெற்ற காளை ஓவியமும் அவற்றுள் ஒன்று. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின், 1815-இல், காளை ஊர் திரும்பியது. திரும்பாமலே போன படங்களும் உண்டு. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விரு நாடுகளுக்கிடையே நிகழ்ந்த கலை உறவின் வாயிற்படியிலேயே ஒரு கொள்ளை நிற்கிறது. இதை மறைத்துவிட்டுப் 'பரிமாற்றம்' என்ற இனிய சொல்லைப் பயன்படுத்துவது நேர்மையாகாது.

ஆயினும், எடுத்துச் சென்றவர்களின் கண்களை அப்படங்கள் மாற்றின என்பதும் உண்மை. படங்கள் பல திரும்பிய பின்னும், லூவர் அருங்காட்சியகத்தில் ஹாலந்து ஓவியர்களுக்கு இடம் இருந்தது. தியோடோர் ரூஸோ, தோபிஞி முதலிய இளைஞர்கள் புராண வீரர்களையும் உரோமை இடிபாடுகளையும் விட்டுவிட்டு, பார்பிசோன் சிற்றூரின் அருகிலிருந்த காட்டையும் சதுப்பையும் தீட்டத் துணிந்தபோது, அவர்களுக்கு முன்மாதிரிகளாக நின்றவர்கள் யார்? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மரத்தையும் மேகத்தையும் மணல்மேட்டையும் அவற்றின் பொருட்டே தீட்டிய ரய்ஸ்டாலும் ஹொபெமாவும் அல்லவா? பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியத்தின் புது வாழ்வில் ஹாலந்து நாட்டு வானம் ஒன்று கவிந்திருக்கிறது.

தொரே என்ற பிரெஞ்சுக் கலை விமரிசகரை இங்கே நினைவுகூர வேண்டும். குடியரசுக் கொள்கைக்காக 1849-க்குப் பின் நாடு கடந்து வாழ நேர்ந்த அவர், 'வில்லெம் பியூர்கர்' என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். பியூர்கர் என்றால் குடிமகன் என்று பொருள். அலைந்து திரிந்த அந்த ஆண்டுகளில் அவர் ஐரோப்பாவின் ஓவியக்கூடங்களில் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்த டெல்ஃப்ட் நகர ஓவியர் வெர்மேரைத் தேடினார். 1866-இல் பாரிஸ் இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரைகளே வெர்மேரை உலகிற்கு மீட்டளித்தன. எழுபதளவான படங்களை அவர் வெர்மேருடையவை எனக் கருதினார். இன்று ஏற்கப்படுபவை ஏறத்தாழ 35 மட்டுமே. கணக்கில் பாதி தவறு. ஆனாலும் அந்த அன்பு தவறவில்லை. ஹாலந்து தன் மகனைத் தானே மறந்திருந்த வேளையில், நாடிழந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவனைத் தேடிக் கண்டார். இதில் யார் கொடுத்தவர்? யார் பெற்றவர்?

எடுவார் மானேயின் கதையும் இதைப் போன்றதே. டெல்ஃப்ட் நகரில் பிறந்த பியானோக் கலைஞரான சுசான் லீன்ஹோஃபை அவர் 1863-இல் மணந்தார். 1872-இல் ஹாலந்துக்குச் சென்று, ஹார்லெம் நகரில் ஃபிரான்ஸ் ஹால்சின் படங்களைக் கண்டார். மறு ஆண்டு, பீர்க் குவளையோடு அமர்ந்திருக்கும் பருத்த மனிதர் ஒருவரின் உருவப்படத்தை, 'சலோன்' எனப்பட்ட பாரிஸ் பெருங்கண்காட்சியில் வைத்தார். அதுவரை அவரை எள்ளி நகையாடிய கூட்டம் அந்தப் படத்தைப் பாராட்டியது. நவீன ஓவியத்தின் தந்தை எனப்படுகிறவருக்கு பெரும் பொதுவெற்றியைத் தேடித் தந்த படத்தில், பதினேழாம் நூற்றாண்டு ஹார்லெமின் தூரிகை வேகம் இருக்கிறது.

மறக்கப்பட்ட ஒருவர்

'பழைய ஓவியர்களிடம் பிரான்சு கற்றது உண்மைதான். ஆனால் சமகாலத்தில் பாரிஸ்தான் ஆசான், ஹாலந்து மாணவன்' என்று மறுப்பார் உண்டு. அவர்களுக்கு யோஹன் பார்த்தோல்ட் யோங்கிண்டின் வாழ்வே விடை.

1819-இல் லாட்ரோப் சிற்றூரில் பிறந்த யோங்கிண்ட், பிரெஞ்சு ஓவியர் இஸபேயின் அழைப்பில் 1846-இல் பாரிசுக்கு வந்தார். குடியும் வறுமையும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1855-இல் தோல்வியுற்றவராய் ரோட்டர்டாமுக்குத் திரும்பினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை அது. ஆனால், 1860-இல் பாரிஸ் நண்பர்கள் அவருக்காக ஓர் ஏலம் நடத்தினார்கள். ஓவியர்கள் பலர் தங்கள் படங்களைக் கொடுத்தார்கள். ஓவியர் கால்ஸ் நேரில் சென்று அவரை அழைத்துவந்தார். ஓர் அயல்நாட்டாரை, குடியினால் சிதைந்துகொண்டிருந்த ஒருவரை, தம் சொந்தப் படைப்புகளை விற்று மீட்டெடுத்த இவர்களைப் பற்றி நமது கையேடுகள் எத்தனை வரிகள் எழுதுகின்றன?

அந்த ஏலத்தின் பலன் என்ன தெரியுமா? 1862-இல், நார்மண்டிக் கடற்கரையில், யோங்கிண்ட் இருபத்தோரு வயது இளைஞர் ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் குளோத் மோனே. வெட்டவெளியில் அமர்ந்து நீர்வண்ணத்தால் வானத்தையும் நீரையும் விரைந்து பற்றும் வழியை மோனே அவரிடம் கண்டார். தமது கண்ணின் பயிற்சியை முழுமையாக்கியவர் யோங்கிண்டே என்று 1900-இல், புகழின் உச்சியில் நின்று, மோனே வெளிப்படையாகச் சொன்னார். 1886-இல் வான் கோக்கிற்குப் பாரிஸ் 'அளித்த' அந்த ஒளிக்குள், கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு ஹாலந்துக்காரரின் கண் சேர்ந்திருந்தது என்பது இதனால் விளங்கும். 1871-ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்சு போரினால் நிலைகுலைந்திருந்தபோது, இலண்டனிலிருந்து மோனே நேரே தாயகம் போகவில்லை. ஹாலந்தின் ஸான்டாம் நகருக்குச் சென்றார். காற்றாலைகளையும் கால்வாய்களையும் பச்சை வண்ண வீடுகளையும் ஏறத்தாழ 25 படங்களில் தீட்டினார். மனப்பதிவியல் ஓவியர்களின் முதல் கண்காட்சிக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

எதிர்த்திசை நீரோட்டம்

இவ்வளவும் சொன்னபின், 'அப்படியானால் எல்லாம் ஹாலந்திலிருந்தே வந்தது' என்று எவரேனும் கொடி தூக்குவாராயின், அவரையும் மறுக்கவே வேண்டும். பழைய செருக்கின் இடத்தில் புதிய செருக்கை அமர்த்துவதால் பயனில்லை. எதிர்த்திசையிலும் நீர் ஓடியது; நிறையவே ஓடியது.

ஹேக் ஓவியக்குழுவினர் எனப்படுகிறவர்களை எடுத்துக்கொள்வோம். யோசெஃப் இஸ்ராயெல்ஸ் இளமையில் பாரிசில் பயின்றார். பிறகு பார்பிசோனைக் கண்டார். வில்லெம் ரூலோஃப்சும் அங்கே சென்றார். யாக்கோப் மாரிஸ் 1865 முதல் 1871 வரை பாரிசில் வாழ்ந்தார். ஹெண்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் 1870-இல் பாரிஸ் சலோனில், வடகடலின் அலைகளைத் தீட்டிய படத்திற்குத் தங்கப் பதக்கம் பெற்றார். அவரும் அவர் மனைவியும் பார்பிசோன் ஓவியர்களின் படங்களை ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார்கள். 1903-இல் அத்தொகுப்பு ஹாலந்து அரசுக்குக் கொடையாயிற்று. அது இன்றும் ஹேக் நகரில் அருங்காட்சியகமாக விளங்குகிறது. தங்கள் பாட்டன்மார் தீட்டிய சமவெளியை ஹாலந்து ஓவியர்கள் மீண்டும் காண்பதற்கு, அதே பாட்டன்மாரிடம் கற்ற பிரெஞ்சுக்காரர்களின் கண்கள் உதவின. ஒரு வீட்டு விதை அடுத்த வீட்டுத் தோட்டத்தில் முளைத்து, அதன் கனி முதல் வீட்டுக்குத் திரும்பியது. இதில் விதைக்கு ஒரு கணக்கும் கனிக்கு ஒரு கணக்கும் எழுதிக் கடனைக் கழிக்க முயல்வது வணிகனின் புத்தி.

ஹேக் குழுவைச் சேர்ந்த அன்டன் மௌவ, வான் கோக்கிற்கு உறவினர். 1881-ஆம் ஆண்டு முடிவில் அவருக்கு முதன்முதலாக எண்ணெய் வண்ணத்தையும் நீர்வண்ணத்தையும் கையாளக் கற்றுத்தந்தவர் அவரே. 1888-இல் மௌவ இறந்த செய்தி, ஆர்ல் நகரில் பழமரங்கள் பூத்த வேளையில் வந்தது. தாம் அப்போது தீட்டியிருந்த பூத்த பீச் மரத்தின் படத்தில், 'மௌவ நினைவாக' என்று பொருள்படும் சொற்களை எழுதினார் வின்சென்ட். தென்பிரான்சின் ஒளியில் குளித்த மரம். நினைவோ ஹாலந்து நாட்டு ஆசானுக்கு. 'பாரிசுக்கு முன் இருள், பாரிசுக்குப் பின் ஒளி' என்று கோடு கிழிப்பவர்கள் இப்படத்தைக் கோட்டின் எந்தப் பக்கத்தில் வைப்பார்கள்?

மேசைமேல் இரண்டு நூல்கள்

வான் கோக்கிற்குப் பாரிஸ் ஒன்றுமே தரவில்லை என்று நாம் வாதிடவில்லை. அவருடைய வண்ணத்தட்டு அங்கே மாறியது. தூரிகைக் கோடு மாறியது. கண்ணுள்ள எவரும் அதை மறுக்க இயலாது. நாம் மறுப்பது, வெறுங்கையோடு வந்தவர் அவர் என்ற கற்பனையை. பாரிசுக்கு வருமுன்பே, நியூனன் என்னும் ஹாலந்துச் சிற்றூரில் இருந்துகொண்டு, டெலாக்ருவாவின் வண்ணக் கோட்பாட்டைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் சார்ல் பிளான் எழுதியவற்றை ஊன்றிப் படித்தார். 1885 அக்டோபரில், புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ஆம்ஸ்டர்டாம் தேசிய அருங்காட்சியகத்தில் ஹால்சையும் ரெம்பிராண்டையும் அந்தப் பிரெஞ்சுப் பாடத்தின் துணையோடு கண்டார்.

அதே மாதம் அவர் ஒரு படம் தீட்டினார். சீர்திருத்த சபைப் போதகரான அவர் தந்தை அவ்வாண்டு மார்ச்சில் இறந்திருந்தார். தந்தையின் பெரிய விவிலியம், எசாயா நூலின் 53-ஆம் அதிகாரத்தில், துன்புறும் ஊழியனைப் பற்றிய பகுதியில், விரிந்து கிடக்கிறது. அதன் அருகே, கைபட்டுக் கசங்கிய மஞ்சள் அட்டையோடு, எமில் சோலாவின் பிரெஞ்சுப் புதினம். பின்னால் அணைந்த மெழுகுதிரி. இப்படத்தைத் தந்தைக்கும் மகனுக்கும் நடந்த சண்டை என்று விளக்குவோர் பலர். சண்டை இருந்தது உண்மைதான். ஆயினும் இரு நூல்களும் ஒரே மேசைமேல் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவில்லை. இருபதுகளில் பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கப் பகுதியில் ஏழைகளுக்கு நற்செய்தி அறிவித்தவர், தம் அளவுகடந்த எளிமையின் காரணமாகவே அப்பணியிலிருந்து விலக்கப்பட்டவர், இவ்விரண்டையும் ஒரே ஒளியில் வைத்துப் பார்த்தார்.

நகல் எடுப்பவனின் மாண்பு

தனித்தெழுந்த மேதை என்ற கூற்றை அடியோடு சாய்ப்பது ஒன்றுண்டு. அது அவர் எடுத்த நகல்கள். மிலே தீட்டிய விதைப்பவனை அவர் 1880-இல் போரினாஜில் முதன்முதலாக நகல் எடுக்கத் தொடங்கினார். பத்தாண்டுகள் அவ்விதைப்பவன் அவரை விடவில்லை. சேன் ரெமி மருத்துவமனையில், 1889-1890 காலத்தில், மிலேயின் படங்களை மட்டும் இருபதளவில் வண்ணத்தில் வரைந்தார். அவரிடம் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களே. ஓர் இசைக்கலைஞன் பிறர் இயற்றிய இசையைத் தன் கருவியில் வாசிப்பது போன்றது இது என்பது அவர் கருத்து. மொழிபெயர்ப்பு என்றும் அவர் இதைக் கருதினார். நகல் எடுப்பதை இழிவாக நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்: உலகிலேயே தனித்துவம் மிக்கவர் என்று போற்றப்படும் ஓவியர், தம் இறுதி ஆண்டில் மாணவனைப் போலப் பிறர் படத்தின் முன் அமர்ந்திருந்தார்.

ஆனால் எல்லா இரவலும் நல்ல இரவல் ஆகாது. இந்த வேறுபாட்டையும் அவரே கற்பிக்கிறார். 1889-இல் அவர் நண்பர்கள் கோகேனும் எமில் பெர்னாரும் கெத்சமனித் தோட்டத்தில் கிறிஸ்துவைத் தீட்டினார்கள். வின்சென்ட் அவற்றைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்தவர் இறைப்பற்று இல்லாதவர் அல்லர். அதே காட்சியைத் தாமும் 1888-இல் இருமுறை தீட்டி, இருமுறையும் சுரண்டி அழித்தவர் அவர். காணாத ஒன்றைக் கண்டதுபோல் தீட்ட அவர் கை துணியவில்லை. மாறாக, சேன் ரெமியின் ஒலிவ மரங்களை மீண்டும் மீண்டும் தீட்டினார். வேதனையைச் சொல்ல அம்மரங்களே போதும் என்று நம்பினார்.

அப்படிப்பட்டவர் வண்ணத்தில் விட்டுச்சென்ற சில விவிலியக் காட்சிகள் எவை? மரித்த மகனை ஏந்திய அன்னை, நல்ல சமாரியர், இலாசர் உயிர்பெறுதல். முன்னிரண்டும் டெலாக்ருவாவின் படங்களிலிருந்து. மூன்றாவது ரெம்பிராண்டின் செதுக்குப் படத்திலிருந்து. தாமாகக் கற்பனை செய்யத் தயங்கியதை, பிறர் உண்மையாகக் கண்டு தீட்டியதன் வழியே அவர் அணுகினார். பிரெஞ்சு ஓவியரும் ஹாலந்து ஓவியரும் அவருக்கு அங்கே கைகொடுத்தார்கள். தம் கண்ணால் உழைத்துப் பெற்றதை மட்டுமே ஏற்பது, உழைக்காமல் பெறுவதை மறுப்பது என்பதே அவர் அளவுகோல். உண்மையான கலைப் பரிமாற்றத்திற்கு இதைவிட நல்ல அளவுகோலை நாம் அறியோம்.

எந்தச் சுவரில் மாட்டுவது?

நாட்டுக்கணக்கு எழுதும் வரலாற்றால் இழப்பு யாருக்கு? இருவரைச் சொல்லலாம். 1795-இல் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்த ஆரி ஷெஃபர் பாரிசில் வாழ்ந்து, 1858-இல் மறைந்தார். துயருறுவோர் நடுவே அமர்ந்த ஆறுதலளிக்கும் கிறிஸ்துவை 1837-இல் தீட்டினார். தூய அகுஸ்தீனாரையும் அவர் அன்னை மோனிக்காவையும் தீட்டினார். அச்சுப்படங்களாக அவை எண்ணற்ற இல்லங்களின் சுவர்களை அடைந்தன. இளைஞர் வான் கோக்கும் அக்கிறிஸ்துவை நேசித்தார். பிறந்த ஊரில் ஷெஃபருக்குச் சிலை உண்டு. பாரிசில் அவர் வாழ்ந்த இல்லம் அருங்காட்சியகம். ஆயினும் ஹாலந்து ஓவியம் பற்றிய நூலிலும் பிரெஞ்சு ஓவியம் பற்றிய நூலிலும் அவர் ஓரத்திலேயே நிற்கிறார்.

மற்றவர் யான் வெர்காடே. மோனே காற்றாலைகளைத் தீட்டிய அதே ஸான்டாமில் 1868-இல் மென்னோனைட் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். 1891-இல் பாரிசுக்கு வந்து, கோகேனையும் செருசியேயையும், 'இறைவாக்கினர்' என்று தம்மை அழைத்துக்கொண்ட இளம் ஓவியர் குழுவையும் அறிந்தார். பிரித்தானிப் பகுதியின் எளிய மக்களிடையே வாழ்ந்து, 1892-இல் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் ஜெர்மனியின் பொய்ரோன் மடத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாகி, 1902-இல் குருவானார். கதை அங்கே முடியவில்லை. அம்மடத்தின் கலைக் கோட்பாட்டைச் செருசியே பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1905-இல் வெளியிட்டார். மொரீஸ் தெனி முன்னுரை எழுதினார். பிரான்சில் நம்பிக்கையைப் பெற்றவர், தாம் பெற்றதைக் கலையாகப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தார். இவரை எந்த நாட்டின் அறையில் மாட்டுவது?

தம்பியும் தம்பி மனைவியும்

இறுதியாக, தனிமை என்ற அந்தப் பொய். கூப்பில் என்ற பாரிஸ் நிறுவனம் 1861-இல் ஹேக் நகரில் கிளை திறந்தது. அதன் கடையில்தான் பதினாறு வயது வின்சென்ட் வேலைக்குச் சேர்ந்து, அச்சுப்படங்கள் வழியே பிரெஞ்சு ஓவியத்தை அறிந்தார். தம்பி தியோ அதே நிறுவனத்தின் பாரிஸ் கிளையொன்றை நடத்தினார்; 1888-இல் மோனேயின் அந்தீபுப் படங்களை அங்கே காட்சிக்கு வைத்தார்; கோகேனைத் தாங்கினார்; அண்ணனுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினார். பிரபாந்து மாகாணத்துப் போதகரின் பிள்ளைகளான இவ்விரு சகோதரரும் பின்னாளில் தமக்குள் பிரெஞ்சிலேயே கடிதம் எழுதிக்கொண்டார்கள். அயல்மொழி அவர்களுக்கு அன்பின் மொழியாகியிருந்தது.

1890 ஜூலையில் அண்ணன் இறந்தார். 1891 ஜனவரியில் தம்பியும் இறந்தார். கைக்குழந்தையோடு நின்ற இருபத்தெட்டு வயது யோஹன்னா, விலைபோகாத நூற்றுக்கணக்கான படங்களோடு ஹாலந்துக்குத் திரும்பினார். அவற்றை விற்றுத் தீர்க்கும்படி சொன்னவர்களுக்கு அவர் செவிசாய்க்கவில்லை. விடுதி நடத்தினார்; மொழிபெயர்ப்புச் செய்தார்; கண்காட்சிகளுக்கு ஏற்பாடு செய்தார்; 1914-இல் கடிதங்களை நூலாக வெளியிட்டார். அந்தப் பெண்ணின் முப்பதாண்டு உழைப்பு இல்லையேல், தனித்தெரிந்த மேதை என்று மேடைகளில் முழங்குவதற்கு இன்று நம்மிடம் ஒரு பெயர்கூட இருந்திராது.

ஆகவே வாசகரே, வான் கோக்கின் சூரியகாந்திகளை ஒரு நாட்காட்டியிலோ புத்தக அட்டையிலோ மறுமுறை காண நேர்ந்தால், அறுபட்ட காதைச் சற்றே மறந்துவிடுங்கள். ரோட்டர்டாமுக்குச் சென்று குடிகார நண்பரை அழைத்துவந்த கால்சை நினையுங்கள். நாடிழந்து வெர்மேரைத் தேடிய தொரேயை நினையுங்கள். படச்சுருள்களுக்கிடையே குழந்தையைத் தாலாட்டிய யோஹன்னாவை நினையுங்கள். யாருக்கு யார் கடன்பட்டவர் என்ற கேள்விக்கு அவர்களுள் எவரும் கணக்கு வைத்திருக்கவில்லை. நாம் மட்டும் ஏன் வைத்திருக்க வேண்டும்?